கூழாங்கல்லும் நுண்கணக்கும்

மேனிலைப்பள்ளியை முடித்து வெளிவரும் மாணாக்கனிடம், ஈராண்டு உழைத்துக் கற்ற நுண்கணக்கு வாழ்வில் எதற்குப் பயன்படும் என்று வினவினால், "தேர்வுக்குப் பயன்பட்டது" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். பெற்றோரைக் கேட்டால், "அஃது ஏதோ பொறியியல் கற்போர்க்கு உரியது, நமக்கென்ன?" என்பர். ஆங்கிலவழிக் கல்வியே கல்வியென நம்பும் அறிவாளரைக் கேட்டாலோ, "அதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா?" என்று நகைப்பர். இம்மூன்று விடைகளும் மூன்று வாயினின்று வந்தனவாயினும் ஒரே வேரில் முளைத்தவை. அறிவு என்பது மக்கள் வாழ்வுக்கு வெளியே, எங்கோ உயரத்தில், வேற்றுமொழி பேசிக்கொண்டு வீற்றிருக்கின்றது என்னும் அடிமை எண்ணமே அவ்வேர்.

அவ்வேரை அறுப்பதற்கு அத்துறையின் மேலைப் பெயரே போதும். உலகெங்கும் நுண்கணக்கிற்கு வழங்கும் 'கால்குலசு' என்னும் சொல்லுக்கு இலத்தீனத்தில் சிறு கல், கூழாங்கல் என்பது பொருள். கல்லை அடுக்கி எண்ணிய பழங்கால உரோமையரின் வழக்கினின்று அச்சொல் எழுந்தது. தெருத் திண்ணையில் கல்லாங்காய் ஆடும் சிறுமியின் கையில் இருப்பதும் அதுவே. தம் மண்ணில் கிடந்த கூழாங்கல்லுக்குரிய சொல்லை எடுத்து ஒரு பேரறிவுத் துறைக்குப் பெயராக வைத்துக்கொள்ள மேலைநாட்டார் கூசவில்லை. தமிழனுக்கு மட்டும் தன் சொல்லைத் தன் அறிவுக்குச் சூட்டக் கூச்சம் ஏன்?

நுண்கணக்கு விடை தேடும் வினாக்கள் இரண்டே. ஒன்று, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் இந்த நொடியில் எவ்வளவு விரைவாக மாறுகின்றது? மற்றொன்று, அவ்வாறு சிறிது சிறிதாக மாறியது மொத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது? முன்னது வகையீடு, பின்னது தொகையீடு. ஒன்று பகுத்து நோக்குவது. ஒன்று தொகுத்து நோக்குவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தலைகீழாக்கும் என்று கண்டதே இத்துறையின் உயிர்நிலை.

பேருந்து ஓட்டுநர்க்கு முன்னால் இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் சென்ற பேருந்தின் நிரவல் விரைவு மணிக்கு ஐம்பது. ஆனால் வளைவில் வண்டியைக் கவிழ்ப்பது நிரவல் விரைவன்று. அந்த நொடியின் விரைவு. அதைக் காட்டும் முள் வகையீட்டைக் காட்டுகின்றது. அதன் அருகில் உருண்டு செல்லும் தொலைவெண், எல்லா நொடிகளின் விரைவையும் சேர்த்துக் கூட்டிய தொகையீட்டைக் காட்டுகின்றது. நாள்தோறும் பல மணி நேரம் இவ்விரண்டையும் பார்த்து வண்டி ஓட்டும் ஒருவரை நுண்கணக்கு அறியாதவர் என்பது எங்ஙனம்?

'அந்த நொடியின் விரைவு' என்பதை எப்படி அளப்பது? ஒரு நொடிப் புள்ளியில் பொருள் நகரவே நகராதே என்று ஐயம் எழலாம். ஆழ்கிணற்றில் ஒரு கல்லை நழுவவிட்டால், காற்றின் தடையை நீக்கிப் பார்க்கையில், அது முதல் இரண்டு நொடிகளில் 19.6 மீட்டர் விழுகின்றது. மூன்றாவது நொடியில் மட்டும் 24.5 மீட்டர் விழுகின்றது. எனின், சரியாக இரண்டாம் நொடி முடியும்போது அதன் விரைவு யாது? இரண்டிலிருந்து மூன்று நொடிவரை நிரவல் 24.5, இரண்டிலிருந்து 2.1 நொடிவரை நிரவல் 20.09, இரண்டிலிருந்து 2.01 வரை 19.65. இடைவெளி குறுகக் குறுக, விடை நொடிக்கு 19.6 மீட்டர் என்னும் ஒரு வரம்பை நெருங்கி நிற்கின்றது. அவ்வரம்பைத் தமிழ்ப் பாடநூல்கள் 'எல்லை' என்கின்றன. வயலுக்கும் ஊருக்கும் உள்ள எல்லைதான் இங்கும். இதனினும் தெளிவான சொல்லை எம்மொழி தரும்?

வீட்டுக்கு வருக. மக்கள் 'மீட்டர்' என்று வழங்கும் மின்னளவியில் முன்பு ஓர் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. விளக்கு ஒன்று மட்டும் எரிந்தால் மெல்லச் சுழலும். மின்னடுப்பை மூட்டினால் விரையும். தட்டின் சுழல்விரைவு, அந்த நொடியில் செலவாகும் ஆற்றலின் வீதம். சுற்றுகளின் எண்ணிக்கை, அவ்வீதங்களின் தொகை. கட்டணமாக வருவது அத்தொகையே. இற்றை மின்னணு அளவிகளில் தட்டு இல்லை. எனினும் அவையும் ஒவ்வொரு நொடியையும் பல கூறாக்கி அளந்து கூட்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இதை அறிந்த இல்லத்தரசி எக்கருவி எவ்வளவு நேரம் ஓடிற்று என்று கணக்கிட்டுக் கட்டணத்தைக் குறைப்பாள்; அறியாதவள் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

தகரப் பட்டறைக்குச் செல்க. நாற்புறமும் 60 செ.மீ. உள்ள ஒரு தகட்டின் நான்கு மூலைகளிலும் ஒத்த கட்டங்களை வெட்டி, பக்கங்களை மடித்து, மூடியில்லாத் தொட்டி செய்யவேண்டும். எவ்வளவு வெட்டினால் தொட்டி மிகுதியான நீர் கொள்ளும்? 5 செ.மீ. வெட்டினால் 12,500 கன செ.மீ.; 15 செ.மீ. வெட்டினால் 13,500. இடையில் எங்கோ உச்சம் இருக்கின்றது. 9 வெட்டினால் 15,876. 10 வெட்டினால் 16,000. 11 வெட்டினால் 15,884. ஆகவே பத்தே உச்சம், பதினாறு இலிட்டர். இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஐந்திலிருந்து ஆறுக்கு ஏறும்போது கொள்ளளவு 1,324 கூடுகின்றது. ஒன்பதிலிருந்து பத்துக்கு ஏறும்போது 124 மட்டுமே கூடுகின்றது. பத்தைத் தாண்டியதும் குறையத் தொடங்குகின்றது. மலையேறுவோன் உச்சியில் ஏற்றமும் இறக்கமும் இன்றி ஒரு கணம் சமனாக நிற்பதுபோல, மாறும் வீதம் சுழியமாகும் இடமே உச்சம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியே வகையீடு. பட்டறையின் பட்டறிவு மிக்க தொழிலாளி தலைமுறைப் பழக்கத்தால் இதைக் கையால் அறிவார். நுண்கணக்கு அதை எல்லாத் தகட்டிற்கும், எல்லா வடிவிற்கும் பொதுவாக்கித் தருகின்றது. நாற்புறமும் ஒத்த தகடாயின், பக்கத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டுக என்பதே விதி. கைக்கும் கணக்கிற்கும் பகையில்லை. பகையை மூட்டியது கல்விமுறை.

உழவரின் உயிராகிய காவிரிக்கு வருவோரும் இக்கணக்கினின்று தப்ப இயலாது. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. கொள்ளளவு 9,347 கோடி கன அடி. நீர்மட்டம் 60 அடியில் நின்றால் அணை பாதி நிறைந்திருக்கின்றது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அப்போது இருப்பது முழுக்கொள்ளளவில் கால் பங்கை ஒட்டியே. ஏனெனில் அணை நேர்ச்சுவர்த் தொட்டியன்று. அடியில் குறுகி, மேலே மலையிடுக்குகளில் பரந்து விரிவது. உச்சியில் ஓர் அடி உயர்ந்தால் நூற்றைம்பது கோடி கன அடிக்கும் மேல் சேர்கின்றது. அடியில் ஓர் அடி உயர்ந்தால் அதில் சிறு பங்கே சேர்கின்றது. மட்டம் வேறு, இருப்பு வேறு; ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவதற்கு ஒவ்வோர் அடியின் நீர்ப்பரப்பையும் கூட்டிச் செல்லவேண்டும். அதுவே தொகையீடு.

ஆற்றில் ஓடும் நீரை அளப்பதும் அவ்வாறே. ஆற்றின் குறுக்கே பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் ஆழத்தையும் ஓட்டத்தின் விரைவையும் அளந்து பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் நொடிக்கு இத்தனை கன அடி என்று கிடைக்கும். ஒரு நாளில் 86,400 நொடிகள். நொடிக்குப் பத்தாயிரம் கன அடி வீதம் ஒருநாள் முழுதும் மாறாமல் ஓடினால், வந்து சேர்வது 86.4 கோடி கன அடி. அதாவது நூறு கோடி கன அடி என்னும் அளவைக்குக்கூட எட்டாது. உச்ச முறைமன்றம் 2018-இல் தமிழகத்திற்கு வந்துசேர வேண்டுமென வகுத்த அளவு 17,725 கோடி கன அடி. அது பிலிகுண்டுலுவில் அளந்து காணும் ஆண்டுத் தொகை. ஆனால் செய்தியில் வருவதோ பெரும்பாலும் 'நொடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு' என்னும் வீதம். வீதத்தைக் கேட்டு மகிழ்ந்து தொகையை மறப்பவன் ஏமாறுவான். எத்தனை நாள் அவ்வீதம் நீடித்தது என்று கேட்கத் தெரிந்த உழவனை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இதனினும் கொடிய ஏமாற்று வட்டியில் நிகழ்கின்றது. நூற்றுக்குத் திங்களுக்கு ஐந்து உருபா வட்டி என்றால் ஆண்டுக்கு அறுபது என்று கடன்பட்டவர் கணக்கிடுகின்றார். வட்டியைத் தவறாது கட்டினால் அது சரி. கட்டத் தவறி, வட்டி முதலோடு சேர்ந்து, சேர்ந்ததற்கும் வட்டி ஏறினால், ஓராண்டில் நூறு உருபா ஏறத்தாழ 180 ஆகின்றது. திங்களுக்குப் பத்து உருபா வட்டியெனில் ஓராண்டில் 314, ஈராண்டில் 985. முதல் பெருகப் பெருக வட்டி பெருகுகின்றது. வட்டி பெருகப் பெருக முதல் பெருகுகின்றது. எப்பொருளின் வளர்ச்சி வீதம் அப்பொருளின் அளவையே பொறுத்திருக்கின்றதோ, அப்பொருள் இவ்வாறுதான் வீறிட்டு வளரும் என்பது நுண்கணக்கின் தலையாய முடிபுகளுள் ஒன்று.

சுவிட்சர்லாந்து நாட்டு யாக்கோபு பெர்னூலி 1683-இல் இதை ஆராய்ந்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டியெனில் ஆண்டிறுதியில் 200 உருபா. அதே வட்டியை இரண்டாகப் பிரித்து அரையாண்டுக்கொருமுறை சேர்த்தால் 225. திங்கள்தோறும் சேர்த்தால் 261.30. நாள்தோறும் சேர்த்தால் 271.46. நொடிதோறும், நொடியின் நுண்கூறுதோறும் சேர்த்தாலும் 271.83 என்னும் எல்லையை அது தாண்டாது. இக்கணக்கிலிருந்து ஏழைக்கு ஒரு பாடம் உண்டு. எத்தனைமுறை வட்டி சேர்க்கப்படுகின்றது என்பதன் கொடுமைக்கு ஓர் எல்லை உண்டு; வட்டி வீதத்தின் கொடுமைக்கு எல்லையே இல்லை. ஆகவே கடன் வாங்கும்போது முதலில் கேட்கவேண்டியது வீதம். அதைக் கொண்டு தன் அழிவின் நாளைக் கணிக்க எளிய வழியும் உண்டு. எழுபதை வட்டி வீதத்தால் வகுத்தால், கடன் இரட்டிக்கும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். திங்களுக்கு ஐந்தெனில் பதினான்கு திங்கள். பத்தெனில் ஏழு திங்கள். இவ்வொரு வரியை ஒவ்வொரு சிற்றூர்ப் பெண்ணும் அறிந்திருந்தால், கைந்நாட்டு வைக்கும் முன் ஒருமுறை கை நடுங்கும். அந்நடுக்கம் ஒரு குடும்பத்தைக் காக்கும்.

ஆட்சியாளர் சொற்களைத் துலக்கவும் இக்கணக்கு வேண்டும். 'விலையேற்றம் குறைந்தது' என்று அறிவிக்கப்படும்போது, விலை குறைந்துவிட்டது என்று மக்கள் மயங்குவர். சென்ற ஆண்டு நூற்றுக்கு எட்டு ஏறிய விலை, இவ்வாண்டு நூற்றுக்கு ஐந்து ஏறிற்று என்றால், நூறு உருபாப் பண்டம் 108 ஆகிப் பின் 113.40 ஆயிற்று என்பதே பொருள். ஏறும் வீதம் தளர்ந்தது, ஏறுதல் நிற்கவில்லை. அளவு வேறு, அளவு மாறும் வீதம் வேறு, அவ்வீதமே மாறும் வீதம் வேறு. 2020-இல் பெருந்தொற்று பரவியபோதும் இம்மயக்கமே நிகழ்ந்தது. நாள்தோறும் புதிதாக நோயுறுவோர் தொகை சற்றுக் குறைந்தவுடன் நோய் ஒழிந்ததென்று நெகிழ்ந்தோர் பலர். புதியோர் தொகை குறைந்தாலும் நோயுற்றோர் மொத்தம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

மருத்துவர், "ஆறு மணிக்கொருமுறை உண்க" என்பதன் பின்னும் இக்கணக்கே நிற்கின்றது. குருதியில் உள்ள மருந்தின் அளவு மிகுதியாயின் விரைவாகவும், குறைவாயின் மெதுவாகவும் வெளியேறும் மருந்துகள் பல. ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் ஒரு மருந்தை ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமாக, ஆறு மணிக்கொருமுறை உண்பதாகக் கொள்க. முதல் வேளையில் 500, அடுத்த வேளையில் எஞ்சிய 250-உடன் சேர்ந்து 750, பின் 875, இவ்வாறு ஆயிரத்தை நெருங்கி அங்கேயே நிலைகொள்ளும். நோய் விரைவில் தீரட்டுமென மூன்று மணிக்கொருமுறை உண்டாலோ, ஏறத்தாழ 1,700 வரை ஏறிவிடும். மருந்து நஞ்சாகும் இடம் அது. வேளை தவறாமை என்பது வெறும் ஒழுங்கன்று. உடலுக்குள் நிகழும் கணக்கிற்குத் தலைவணங்குதல்.

மருத்துவமனையில் உடலை அறுக்காமலே உள்ளுறுப்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஊடுகதிர்ப் பொறியும் தொகையீட்டின் கொடையே. கதிர் உடலை ஊடுருவி வெளிவரும்போது வழிநெடுகப் பட்ட தடைகளின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். பல திசைகளினின்றும் பெற்ற அத்தொகைகளைக் கொண்டு, உள்ளே ஒவ்வோரிடத்தும் இருப்பது யாதென மீட்டெடுக்க முடியும் என்று ஆத்திரிய நாட்டு இயோகான் இரேடான் 1917-இல் கணக்கால் நிறுவினார். அப்போது அதற்குப் பயன் எதுவும் கருதப்படவில்லை. 1971-இல் இலண்டனில் ஒரு நோயரின் தலை முதன்முதலாக அவ்வகைப் பொறியால் படமெடுக்கப்பட்டது. அப்பொறிக்கு வழிகண்ட அவுன்சுபீல்டும் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். 'இது எதற்குப் பயன்படும்?' என்று கேட்டு ஓர் அறிவைத் தொடக்கத்திலேயே கிள்ளி எறிவோர்க்கு இதுவே விடை.

இவ்வறிவு எம்மொழியில் வளர்ந்தது? பரவளைவின் பரப்பை நுண்கூறுகளாக்கிக் கண்ட ஆர்க்கிமிடீசு கிரேக்கத்தில் எழுதினார். இலைப்னிட்சு 1684-இல் வெளியிட்ட வகையீட்டுக் கட்டுரை இலத்தீனில் அமைந்தது. நியூட்டனும் தம் பெருநூலை 1687-இல் இலத்தீனில்தான் எழுதினார். எனினும் அவரே ஒளியைப் பற்றிய நூலை 1704-இல் தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1748-இல் மிலான் நகரத்து மரியா அன்னேசி என்னும் பெண்மணி வகையீடு, தொகையீடு ஆகிய இரண்டையும் ஒருசேர விளக்கும் பாடநூலை எழுதியபோது, புலவர் மொழியாகிய இலத்தீனை விடுத்துத் தம் நாட்டு இளையோர்க்கெனத் தாய்மொழியாகிய இத்தாலியத்திலேயே எழுதினார்.

அவர்க்கெல்லாம் முன்னரே சேரநாட்டில் அது நிகழ்ந்தது. பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமக்கிராமத்து மாதவன், வட்டத்தின் சுற்றளவை முடிவிலா வரிசையாக விரித்துக் காணும் வழியைக் கண்டார். அவர் வழிவந்தோர் வடமொழியில் எழுதினர். ஆயின் ஏறத்தாழ 1530-இல் சேட்டதேவர் அம்முடிபுகளுக்கு உரிய நிறுவல்களையெல்லாம் விரித்து 'யுக்திபாசா' என்னும் நூலை எழுதியபோது, தேர்ந்தது மலையாள உரைநடை. முடிபை மட்டும் ஓதிச் செல்வதற்கு அயன்மொழி போதும். 'ஏன்' என்று விளக்கித் தெளிவிப்பதற்குத் தாய்மொழி வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரியும், அம்முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்றாகிய கீழ்முந்திரியும், அதனினும் சிறிய இம்மியும் தமிழர் கணக்கில் வழங்கின. திண்ணைப் பள்ளிச் சிறுவன் அவற்றை எண்சுவடியில் ஓதினான். அது பெருமைக்குரியதே. ஆனால் அதைக் கொண்டு நுண்கணக்கைத் தமிழனே கண்டான் என்று மேடையில் முழங்குவது பொய். சிறு பின்னங்கள் இருந்தமை வேறு. மாற்றத்தின் வீதத்தைக் கண்டமை வேறு. பொய்ப்பெருமை பேசும் இனம் உண்மைப் பெருமையை ஈட்டாது. முந்திரியும் இம்மியும் காட்டுவது ஒன்றே: மிகச் சிறியதைப் பெயரிட்டு எண்ணும் ஆற்றல் இம்மொழிக்குப் புதிதன்று.

அவ்வாற்றல் இன்றும் வற்றவில்லை. எல்லை, சார்பு, மாறி, மாறிலி, சாய்வு, வகைக்கெழு, தொகையீடு என்று ஒவ்வொரு கருத்துக்கும் தமிழ்ச்சொல் அமைந்துவிட்டது. தமிழகத்தில் 1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கியது முதல் நுண்கணக்கு தமிழ்வழியில் கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஈழத்திலும் உயர்தர வகுப்பு மாணாக்கர் இணைந்த கணக்கியலைத் தமிழிலேயே கற்றுத் தேர்வெழுதுகின்றனர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டட, எந்திரப் பொறியியல்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆகவே 'தமிழில் முடியுமா?' என்னும் வினா செத்துப் பல்லாண்டுகள் ஆயின. பிணத்தைச் சுமந்து திரிவோர்தாம் இன்னும் உளர்.

குறை சொல்லில் இல்லை. சொல்லும் முறையில் இருக்கின்றது. வகைக்கெழு என்னும் நல்ல தமிழ்ச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அது பேருந்தின் முள் என்றோ, அணையின் நீர்ப்பரப்பு என்றோ, கடன்காரனின் வட்டி என்றோ கூறாமல், வாய்பாட்டை மட்டும் நெட்டுருச் செய்விப்பதால் என்ன பயன்? அங்ஙனம் கற்பிக்கப்படும் தமிழ், எழுத்தால் தமிழாகவும் உயிரால் அயலாகவும் நிற்கும். தமிழ்ச்சொல் மாணாக்கன் நாவில் மட்டும் ஏறினால் போதாது. அவன் தந்தையின் பட்டறையிலும் தாயின் அடுக்களையிலும் அச்சொல் பொருள் தரவேண்டும். ஆசிரியர் ஒரு திங்களுக்கு ஒருநாளேனும் மாணாக்கரை மின்னளவியின் முன்னும், தகரப் பட்டறையிலும், வாய்க்கால் மதகிலும் நிறுத்திக் கணக்கிடச் செய்யட்டும். தமிழ் மன்றங்கள் விழா மேடையில் வாழ்த்துரைக்கும் நேரத்தில் கால் பங்கைக் குறைத்து, ஊரவர்க்கு வட்டிக்கணக்கை விளக்கட்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் உள்ளவர் எவரும் செய்யலாம்.

மொழிப்பற்று என்பது சொல்லைத் தூய்மைப்படுத்துவதோடு நிற்பதன்று. தூய சொல்லால் மக்கள் தம் வாழ்வைத் தாமே அளந்துகொள்ளச் செய்வது. தன் ஆற்றுநீரைத் தானே அளக்கத் தெரியாதவனுக்கு, தன் கடனின் வளர்ச்சியைத் தானே கணிக்க இயலாதவனுக்கு, எவரோ அளந்து சொல்வதே அளவாகும். அளப்பவன் கையில்தான் ஆட்சி இருக்கும். கூழாங்கல் எல்லார் முற்றத்திலும் கிடக்கின்றது. குனிந்து எடுப்பவன் எண்ணத் தொடங்குவான். எண்ணத் தொடங்கியவன் ஏமாறான்.